தாய் இல்லாத பதிவுக்கு என்ன பெயர்?

சுங்கை சிப்புட், ஆசிரியர்:
வணக்கம். சனிக்கிழமை வகுப்புக்கான கையேடு வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது. பாக்குலா என்ற பேக்கப் மென்பொருளின் சர்வரை மேம்படுத்துமுன், அதன் கேட்டலாக்கில் (எந்தக் கோப்பு எங்கே என்று குறிக்கும் தரவுத்தளத்தில்) தொடர்பற்று நிற்கும் ‘ஆர்ஃபன்’ பதிவுகளைக் களைவதுதான் நான்காம் பாடம். ‘அநாதைப் பதிவு’ என்று போடலாமா?

ஈப்போ, புலவர்:
வேண்டாம் ஐயா. நாதன் வடசொல், முன்னால் நிற்கும் எதிர்மறை அகரமும் வடமொழி முன்னொட்டு. நம்மிடம் ‘இலி’ இருக்கிறதே! அறிவிலி, நாணிலி போலத் ‘தாயிலி’. மேலும் அநாதையா அனாதையா என்ற வழக்கும் தீராது. பொருநை போன்ற சிலவற்றையும் கூட்டுச் சொற்களையும் விட்டால், தனித்தமிழ்ச் சொல்லின் இடையில் தகரத்துக்கு முன்னன்றி நகரம் வருவதில்லை.

கூலிம், கணினிப் பணியாளர்:
எழுத்து இருக்கட்டும் ஐயா, பொருளே இடிக்கிறது. கேட்டலாக்கைச் சோதிக்கும் டிபிசெக் கருவி பிடிக்கும் பாதைப் பதிவை (கோப்புறையின் முகவரியை) பாருங்கள்: எந்தக் கோப்பும் அதைச் சுட்டுவதில்லை. அதற்குத் தாய் இல்லாமல் இல்லை, பிள்ளைதான் இல்லை.

இன்னொன்று. வட்டில் வால்யூம் (பேக்கப் தரவு அடங்கிய கோப்பு) கிடக்கும், கேட்டலாக்கில் அதன் பெயர் இருக்காது. அது வேறு சங்கதி. வால்யூமைப் படிக்கும் பிஸ்கேன் கருவியை ஓட்டினால் கேட்டலாக்கில் மறுபடி ஏறிவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மாணவர் வால்யூமை அழித்துவிடுவார். தரவே போய்விடும்.

பாகான் செராய், தோட்டத்து வாசகர்:
மறுநடவுக்கு முன் பழைய ரப்பர் கட்டையைத் தோண்டி எடுக்காவிட்டால் வெள்ளை வேர் நோய் புதுக்கன்றில் ஏறும். ‘கட்டைப் பதிவு’ என்றால் இங்கே சிறுவனுக்கும் விளங்கும்.

கூலிம்:
நல்ல சொல் அண்ணே. ஆனால் இந்தப் பதிவு நோய் பரப்பாது, டேபிளை வீங்க வைக்கும். மேம்படுத்தும்போது டேபிள் மாற்றம் இழுத்துக்கொண்டே போகும்.

சொல் எதுவானாலும் படிகளைத் தெளிவாகப் போடுங்கள். ஓடும் பேக்கப் வேலைகள் முடிந்தபின் அவற்றை நடத்தும் டைரக்டர் நிரலை நிறுத்தி, கேட்டலாக்கை டம்ப் (முழு நகல்) எடுத்து வேறு வட்டில் வைக்கவேண்டும். டிபிசெக்கை முதலில் திருத்தும் கொடி (கட்டளையோடு சேர்க்கும் குறி) இல்லாமல் ஓட்டினால் எண்ணிக்கை மட்டும் காட்டும். அதைப் பார்த்த பிறகே திருத்தம். கோப்பு டேபிளில் பாதை எண்ணுக்கு இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) இல்லையென்றால் பாதைச் சோதனை மணிக்கணக்கில் நிற்கும். தொங்கிவிட்டது என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

ஈப்போ:
அப்படியானால் ‘சுட்டிலி’?

பாகான் செராய்:
அ, இ, உ மூன்றும் சுட்டு என்று இலக்கண வகுப்பில் படித்த பிள்ளை குழம்பும் ஐயா.

சுங்கை சிப்புட்:
வேறு சொல் ஒத்துவரவில்லை, நேரமும் இல்லை. கேட்டலாக்கில் இருப்பது ‘அநாதைப் பதிவு’, வட்டில் கிடப்பது ‘பட்டியலில் இல்லாத வால்யூம்’. இரண்டாவதற்கு எதிரே ‘அழிக்காதே’ என்று தடித்த எழுத்தில் வருகிறது.

ஈப்போ:
பிரித்தது சரி. ‘அநாதை’க்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது. வேலைப் பதிவு போய்க் கோப்புப் பதிவு மட்டும் நிற்கிறதே, அதற்கு இன்றும் தாயிலிதான் பொருந்தும்.