கல்வெட்டுப் படங்களில் எக்ஸ்ஆட்டர் குறிப்புகள்: வட்டு காலியாக இருந்தும் ‘இடமில்லை’ என்கிறது

காட்பாடிவாசி:
வணக்கம். மேல்பாடியிலும் திருவல்லத்திலும் எடுத்த கல்வெட்டுப் படங்களை உபுண்டு கணினியில் சேர்த்து வைத்திருக்கிறேன். கோயில், சுவர், வரி எண் ஆகியவற்றைத் தனி அட்டவணையில் எழுதினால், படத்தின் பெயரை மாற்றியதும் தொடர்பு அறுந்துபோகிறது. ஆகவே செட்எஃப்ஆட்டர் கட்டளையால் ஒவ்வொரு படத்துக்கும் யூசர்.இடம், யூசர்.பாடம் என இரண்டு எக்ஸ்ஆட்டர் பண்புகளை (கோப்போடு ஒட்டிச் சேமிக்கப்படும் கூடுதல் குறிப்புகள்) இட்டு வருகிறேன். ‘அரிஞ்சிகை ஈச்சரம், தெற்கு அதிட்டானம், குமுதம்’ (கோயிலின் தெற்கு அடித்தளத்தில் ஓர் அடுக்கு) போன்ற சிறு குறிப்புகள் தடையின்றி ஏறுகின்றன. ஆனால் பண்புகளைக் காட்டும் ‘கெட்எஃப்ஆட்டர் -டி’ கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் தமிழ் தெரிவதில்லை. பூஜ்ஜியமும் எஸ்ஸும் முன்னே வர, பொருளற்ற எழுத்துக்கோவை ஒன்றே தெரிகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், நீண்ட கல்வெட்டு ஒன்றின் முழுப் பாடத்தையும் சேர்க்க முயன்றபோது, வட்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தும், சாதனத்தில் இடம் மீதமில்லை என்ற பிழைச்செய்தி வந்ததுதான். இந்தப் படங்களை ஆற்காட்டில் உள்ள நண்பருக்குப் பென் டிரைவில் கொடுக்கவும் வேண்டும். பண்புகள் கூடவே போகுமா?

பாலாற்றங்கரை:
முதல் சிக்கல் வெறும் தோற்றம்தான். மதிப்பில் ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கான அடிப்படைக் குறியீடு) அல்லாத பைட்டுகள் மிகுந்திருந்தால், கெட்எஃப்ஆட்டர் அதைத் தானாகவே பேஸ்64 என்ற குறியாக்கத்துக்கு மாற்றிக் காட்டும். நீங்கள் சொல்லும் முன்னொட்டு அதற்கான அடையாளம். ‘-ஈ டெக்ஸ்ட்’ என்று சேர்த்துக் கொடுத்தால் தமிழாகவே தெரியும்.

இடமில்லை என்ற செய்தி வட்டைப் பற்றியதன்று. உங்கள் வட்டில் இருக்கக்கூடிய எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, ஒரு கோப்பின் பண்புகள் அனைத்துக்குமாகச் சேர்த்து, ஐநோடில் (கோப்பின் விவரங்களை வட்டில் வைத்திருக்கும் பதிவு) மிஞ்சும் சிறு இடத்தோடு ஒரேயொரு பிளாக்கைத்தான் (வட்டின் சேமிப்புத் துண்டு) வழக்கமாகத் தருகிறது. அந்தப் பிளாக் பெரும்பாலும் 4096 பைட். யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்க முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் செலவாகும் என்பதோடு, உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனிக் குறியீடுகள் என்பதால், ‘அரிஞ்சிகை’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லே 9 குறியீடுகளாகி 27 பைட்டை எடுத்துக்கொள்கிறது. மெய்க்கீர்த்தியோடு (அரசனைப் புகழும் நீண்ட முன்னுரை) தொடங்கும் கல்வெட்டுக்கு இது எப்படிப் போதும்? லினக்ஸ் ஒரு மதிப்புக்கு 64 கிலோபைட் வரை அனுமதிப்பதாகக் கையேட்டில் இருப்பது, கோப்பு முறைமைக்கு மேலே உள்ள லினக்ஸ் அடுக்கின் வரம்பு. எக்ஸ்ட்4 அதற்கு முன்பே கைவிரித்துவிடும்.

சத்துவாச்சாரி:
பென் டிரைவ் பற்றி. பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகிய கோப்பு முறைமைகள் இரண்டிலும் லினக்ஸின் யூசர் பண்புகளுக்கு இடமே கிடையாது. ‘சிபி -ஏ’ என்ற நகலெடுக்கும் கட்டளை பண்புகளை எடுத்துச் செல்ல முயலும். ஆனால் சேருமிடம் ஏற்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் முடிந்துவிடும் என்பதால், எல்லாம் போய்ச் சேர்ந்ததாகவே நாம் நம்பிக்கொண்டிருப்போம். ‘--பிரிசர்வ்=எக்ஸ்ஆட்டர்’ என்று வெளிப்படையாகக் கேட்டால் பிழையைத் தெரிவிக்கும். வெறும் சிபி பண்புகளைத் தொடுவதே இல்லை. ஆர்சிங்க் என்ற மற்றொரு நகலெடுக்கும் கட்டளைக்குப் பெரிய எக்ஸ் (-X) விருப்பத்தைத் தனியே தர வேண்டும்.

உங்களுக்கு எளிய வழி, கோப்புறை முழுவதையும் ‘டார் --எக்ஸ்ஆட்டர்ஸ்’ கொண்டு ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுப்பது. நண்பரும் லினக்ஸ் கணினியில் அதே விருப்பத்தோடு பிரிக்க வேண்டும். ஃபேட்32 ஆக இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபிக்குள் அடங்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்பாடிவாசி:
இருவருக்கும் நன்றி. ‘-ஈ டெக்ஸ்ட்’ கொடுத்ததும் தமிழ் தெரிகிறது. நண்பர் படங்களைச் செதுக்கித் திருத்திச் சேமிப்பார். அப்போது பண்புகள் நிலைக்குமா?

பாலாற்றங்கரை:
உறுதி சொல்ல முடியாது. பல செயலிகள் புதிய கோப்பாக எழுதிப் பழைய பெயரைச் சூட்டுகின்றன. பண்புகள் ஒட்டியிருப்பது ஐநோடோடு, பெயரோடு அன்று. ஆகவே திருத்தத் தொடங்குமுன், படக் கோப்புறைக்குள் நின்றுகொண்டு ‘கெட்எஃப்ஆட்டர் -டி’ கட்டளையைப் பெரிய ஆர் (-R) விருப்பத்தோடு ஓட்டி, வெளியீட்டை ஓர் உரைக்கோப்பில் சேமித்துவிடச் சொல்லுங்கள். தொலைந்தால், அதே இடத்திலிருந்து ‘செட்எஃப்ஆட்டர் --ரீஸ்டோர்’ மூலம் மீட்கலாம். பேஸ்64 ஆக இருந்தாலும் அது சரியாகவே படித்துக்கொள்ளும். பாதைகள் அந்தக் கோப்புறையிலிருந்து எழுதப்படுவதால் வேறிடத்தில் நின்று ஓட்டினால் கோப்புகள் அகப்படா.

என் கருத்தைக் கேட்டால், முழுப் பாடத்தை எக்ஸ்ஆட்டரில் வைக்கவே வேண்டாம். படத்தின் பெயரிலேயே ஓர் உரைக்கோப்பில் எழுதி, யூசர்.பாடம் என்பதில் அந்தக் கோப்பின் பெயரை மட்டும் இடுங்கள். இடக்குறிப்பை எக்ஸிஃப்டூல் என்ற கருவியைக் கொண்டு படத்துக்குள்ளேயே எக்ஸ்எம்பி விவரமாகவும் (படக்கோப்பின் உள்ளே பதியும் குறிப்பு) எழுதிவிட்டால், அது பென் டிரைவிலும் அழியாது.