எண்ணுக்குப் பதில் ‘க + 2’ வந்தால்: உங்கள் அனுபவம்?

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு. முதல் பாடத்திலேயே சார்பு (ஒன்றை உள்ளே போட்டால் ஒரே ஒரு விடை தரும் விதி) வந்துவிடுகிறது. இருபடிச் சார்பில் 3, 5 என்று எண்ணைப் பிரதியிடச் சொன்னால் மளமளவென்று போட்டுவிடுவாள். அந்த இடத்தில் க + 2 மாதிரி எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு கோவை வந்தால் பேனா நின்றுவிடும். “க எவ்வளவுன்னே தெரியாம எப்படிக்கா போடுறது?” என்றாள். நியாயமான கேள்வி.

அவர்கள் வீட்டில் சதுரமான ஓர் அறை, தரையில் ஆத்தங்குடிக் கல். ஓரத்தில் ஒரு வரிசை பார்டர், உள்ளே முழுக்கப் பூக்கல். அதையே கணக்காக்கினேன். ஒரு பக்கத்துக்கு ந கல் என்றால் மொத்தம் ந². பார்டருக்கு 4ந − 4 (மூலைக் கல்லை இரண்டு தடவை எண்ணக் கூடாதே, அதற்குத்தான் அந்த 4 கழிகிறது). மீதி பூக்கல் ந² − 4ந + 4. ஒரு பக்கத்துக்கு 12 கல் என்றால் 144 − 48 + 4 = 100.

“சரி, பூக்கல் மட்டும் ஒரு பக்கத்துக்கு க வேணும்னு ஆச்சி கேக்குறாங்க. அப்ப அறைக்கு ஒரு பக்கம் எத்தனை கல்?”

“க + 2.”

“அதை ந இருந்த இடத்துல வை.”

அவள் எழுதியது க² + 4 − 4க + 2 + 4. அதாவது க² − 4க + 10. க-வுக்கு 10 போட்டால் 70 தான் வருகிறது, வர வேண்டியது 100. (க + 2)²-ஐ விரித்தால் நடுவில் வரவேண்டிய 4க-வைக் காணோம். −4 இரண்டாவது உறுப்பான 2-ஐத் தொடவே இல்லை. எத்தனையோ பிள்ளைகளின் நோட்டில் இதே இரண்டு தப்பும் சேர்ந்தே வருகின்றன. சூத்திரம் தெரியாததால் அல்ல, க + 2 முழுசாக ஒரே பொருளாய் உள்ளே போகிறது என்பது மனதில் பதியாததால் என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் ந-வை அழித்துவிட்டு முதலில் வெறும் அடைப்புக்குறி போடச் சொன்னேன்: ( )² − 4( ) + 4. அப்புறம் உள்ளே க + 2. விரித்தால் க² + 4க + 4 − 4க − 8 + 4. எல்லாம் அடிபட்டு க² மட்டும் நின்றது. “அட, நடுவுல க-வுக்கு க தானேக்கா!” என்று அவளே தரையைக் காட்டினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்:
வெறும் அடைப்புக்குறியை நானும் டியூஷனில் கட்டாயமாக்கிவிட்டேன். உங்கள் கணக்கிலேயே ந + 1 போட்டுப் பாருங்கள்: ந² − 2ந + 1. பழையதைக் கழித்தால் 2ந − 3. அறையை ஒரு கல் அகலமும் ஒரு கல் நீளமும் கூட்டினால் கூடுதலாக எத்தனை பூக்கல் வாங்க வேண்டும் என்று கொத்தனார் கேட்பது இதைத்தான். 12-லிருந்து 13-க்குப் போனால் 21.

காரைக்குடி, மறுபடியும்:
அருமைங்க! நாளைக்கே அவளிடம் இதைக் கொடுக்கிறேன். விடையைச் சொல்லாமல் ந + 1 மட்டும்.