பயிற்சி வகுப்பில் மறக்க முடியாத ஆட்கள்: நீங்கள் சந்தித்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

ஓசூர்க்காரன்:
வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி தருகிறேன். புதியவருக்கு வேலை கற்றுக்கொடுப்பது எப்படி என்பதுதான் பாடம். புதுச் சரக்கு ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில், ஆலைகளுக்குள் புதிதாக வந்தவர்களை அவசரமாகத் தயார்செய்ய அமெரிக்காவில் 1940-ல் தொடங்கிய டிடபிள்யூஐ (Training Within Industry, ஆலைக்குள்ளேயே பயிற்சி) திட்டத்தில் இருந்தது. போருக்குப் பிறகு ஜப்பான்காரர்கள் இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

அதில் ஒரு முடிச்சு வரும். தொங்கும் பல்ப் ஹோல்டருக்குள் எலக்ட்ரீசியன் வயரில் போடுவது. பல்பின் கனம் ஸ்க்ரூவை இழுக்காமல் இருக்க. முதலில் வாயால் மட்டும் சொல்வேன், யாருக்கும் வராது. பிறகு பேசாமல் செய்துகாட்டுவேன், அப்போதும் வராது. அப்புறம்தான் நான்கு படிகள்: ஆளைத் தயார்ப்படுத்து, சொல்லிக்கொண்டே செய்துகாட்டு, அவரைச் செய்ய விடு, பின்னால் போய்க் கவனி.

ஒருமுறை கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த மூத்த சூப்பர்வைசர், ஐடிஐ வயர்மேன் படித்தவர், நான் சொல்லி முடிப்பதற்குள் முடிச்சைப் போட்டு மேசையில் வைத்துவிட்டார். "இதுக்கு ஒரு கிளாஸா சார்?" சரி, நீங்களே நடத்துங்கள் என்று அவர் லைனில் புதிதாகச் சேர்ந்த ஒடிசா பையனை வரவழைத்தோம். இவருக்கு ஒடியா தெரியாது, அவனுக்குத் தமிழ் நாலு வார்த்தை. மடமடவென்று போட்டுக் காட்டினார். பையன் தலையாட்டினான், கைக்கு வரவில்லை. உடனே எதிரில் இருந்தவனை எழுப்பித் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். எதிரில் இருந்தால் இடம் வலமாகத் தெரியும். அதை நான் இன்னும் வகுப்பில் சொல்லக்கூட இல்லை. ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தினார். பிறகு, செய்துகொண்டே அவன் பாஷையில் சொல்லச் சொல்லிச் சைகை காட்டினார். "உங்களுக்குத்தான் புரியாதேண்ணே" என்று யாரோ சிரிக்க, "பேச்சு புரியலைன்னா என்ன? எந்த இடத்துல இழுக்குறான்னு கேக்குதுல்ல" என்றார். பையன் இழுத்தது இரண்டாவது வளையத்தில். அதை மட்டும் மறுபடி காட்டினார்.

இப்போது எல்லா வகுப்பிலும் இதைச் சேர்த்திருக்கிறேன். பெருமை அவருக்கு, சம்பளம் எனக்கு.

ஓஎம்ஆர் பயணி:
ஓசூர்க்காரன் சார், உங்களுக்கு முடிச்சு விழுந்ததா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடிகிறது. ஐடி கம்பெனிகளில் டீம் லீடுகளுக்கு வகுப்பெடுக்கும் எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பயிற்சியை அளக்க அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே நான்கு நிலைகள் எழுதிவைத்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்வது மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் உண்டா. நான் பார்த்த ஹெச்ஆர்களில் பலர் முதல் நிலையோடு கடையைக் கட்டிவிடுவார்கள். ஃபீட்பேக் ஃபார்மில் விழும் ஐந்துக்கு ஐந்தில் மதியப் பிரியாணிக்கும் பங்கு உண்டு.

ஒரு டீம் லீட், நல்ல சூட்டிகையான பெண். வாராவாரம் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவது என்று முடிவெடுத்துப் போனார். சில மாதம் கழித்துக் கேட்டால், "அந்த நேரத்துலதான் சார் மேனேஜர் ரிவ்யூ மீட்டிங் போடுறார்" என்கிறார். அதிலிருந்து, மேனேஜர் முதல் அரைமணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து, திரும்பி வந்ததும் என்ன கேட்கப்போகிறார் என்று அவர் வாயாலேயே சொன்னால்தான் ஒப்புக்கொள்கிறேன். சில வேலைகள் கைவிட்டுப் போயின. போகட்டும்.

திருப்பூர் கோச்:
நான் கோச்சிங் பக்கம். டியூஷன் இல்லை, ஆளோடு தனியாகப் பேசி அவர் வழியை அவரே கண்டுபிடிக்க உதவுவது. பன்னாட்டு கோச்சிங் கூட்டமைப்பின் முதல் சான்றிதழுக்கே 100 மணிநேரம், அடுத்ததற்கு 500 மணிநேரம் கோச்சிங் செய்திருக்க வேண்டும். இதையெல்லாம் ஒரு பனியன் கம்பெனி முதலாளியிடம் விளக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஷிப்மெண்ட் தாமதம், கட்டிங் மாஸ்டரோடு தகராறு, கணக்குப் பார்க்க வராத மகன் என்று ஒரு மணிநேரம் பேசினார். நான் கேள்விகள்தான் கேட்டேன். கடைசியில் மகனிடம் முதலில் எந்தப் பொறுப்பைக் கொடுப்பது என்று அவரே முடிவு செய்தார். எழுந்தவர் கேட்டார்: "ஏனுங்க, கேள்வி மட்டுந்தான் நீங்க கேட்டீங்க. பதிலெல்லாம் நாஞ்சொன்னேன். ஃபீஸ் எனக்கில்ல வரோணும்?"

அடுத்த வாரமும் வரச் சொல்லிவிட்டார். ஃபீஸ் மட்டும் ஷிப்மெண்ட் போன பிறகாம்.