ஸ்பின்-அப்: 'முன்சுழற்சி' வேண்டாம், வேறு சொல் தேடுவோம்

அனைவருக்கும் வணக்கம்.

நம் வானிலைக் கலைச்சொல் பட்டியலில் 'ஸ்பின்-அப்' என்பதற்கு 'முன்சுழற்சி' என்று இருக்கிறது. அதை எடுத்துவிடலாம். 'மேலடுக்குச் சுழற்சி' வானிலை அறிக்கைகளில் அன்றாடம் வருகிற சொல். டெல்டா மழையைப் பற்றி எழுதினால் இரண்டும் ஒரே பத்தியில் மோதும்.

பொருள் இதுதான். டபிள்யூ.ஆர்.எஃப். போன்ற வட்டார வானிலைக் கணினி மாதிரியை 27, 9, 3 கி.மீ. இடைவெளிகளில் வலைக்குள் வலையாக அமைத்து ஓட்டுகிறோம். தொடக்கத் தரவு ஈ.ஆர்.ஏ.5 போன்ற உலகளாவிய தொகுப்பிலிருந்து கால் பாகை (சுமார் 28 கி.மீ.) இடைவெளியில் வருகிறது. 3 கி.மீ. அளவில் மேலெழும் காற்று அதில் கிடையாது. ஓடத் தொடங்கிய பிறகு மாதிரியே அதை உருவாக்கிக்கொள்ள வேண்டும். தரவை நுண்வலைக்கு மாற்றியதில் எழும் பொய்யான அழுத்த அலைகளும் அடங்க வேண்டும். இதற்கு ஆகும் நேரமே ஸ்பின்-அப்; பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். அந்நேரத்து மழையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாற்றங்காலில் பறித்த நாற்று, நடவு வயலில் வேர்பிடிக்கச் சில நாள் ஆகிறதே, அதே நிலை. என் பரிந்துரை: வேர்பிடிநேரம்.

மறுமொழி:

ஐயா, 'முன்சுழற்சி' போகட்டும். உவமையும் மிகப் பொருத்தம். ஆனால் மாதிரியின் நிலப்பகுதிக் கணக்கில் பயிரின் வேர் ஆழம் தனியாகவே வருகிறது. மண்ணுக்கும் ஸ்பின்-அப் உண்டு. அடிமண் ஈரம் நிலைகொள்ள மாதக்கணக்கில் ஆகும். 'மண் வேர்பிடிநேரம்' என்றால் படிப்பவர் நெல்லின் வேரைத்தான் நினைப்பார். 'பதம்' என்றும் சொல்ல முடியாது. நம் பக்கம் மண் பதம் என்றால் உழவுக்கேற்ற ஈரம்.

'பழகுநேரம்' எனலாம். மண்ணுக்குப் 'பழகுகாலம்'. வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. வினையாகவும் வரும்: 'மாதிரியைப் பழகவிடுக'.

சீர்காழியில் வைத்துப் பார்ப்போம். 2022 நவம்பர் 12 காலை 8.30 வரையான 24 மணி நேரத்தில் அங்கே 44 செ.மீ. மழை. 10ஆம் தேதி மாலை 5.30க்கு ஓட்டத்தைத் தொடங்கினால் பழகுநேரம் 15 மணி. 11ஆம் தேதி காலை 5.30க்குத் தொடங்கினால் 3 மணிதான். பழகாத மழை கலந்துவிடும். அதற்காக நாலைந்து நாள் முன்பே தொடங்குவதும் ஆபத்து: மாதிரியில் காற்றழுத்தத் தாழ்வுப்பகுதி சற்றே விலகினாலும் பெருமழை கடலிலேயே கொட்டித் தீர்ந்துவிடும்.

அடிக்கடி நேரும் பிழை ஒன்று. வெளியீட்டில் மழை, தொடக்கத்திலிருந்து கூடிக்கொண்டே வரும் தொகை. ரெயின்சி (வலைக்குள் அடங்காத சிறு முகில்களின் மழை), ரெயின்என்சி (வலையிலேயே கணக்கிடப்படும் மழை) இரண்டையும் கூட்டி, 12ஆம் தேதி 8.30 மணித் தொகையிலிருந்து 11ஆம் தேதி 8.30 மணித் தொகையைக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்தால் பழகுநேர மழையும் சீர்காழிக் கணக்கில் ஏறிவிடும்.

மறுமொழி:

'பழகாத மழை' என்ற தொடர் கிடைத்ததே போதும், அம்மா, வேர்பிடிநேரத்தை விட்டுவிடுகிறேன். பட்டியலுக்கான வரி:

பழகுநேரம்: வட்டார மாதிரி, தொடக்கத் தரவிலிருந்து தன் வலையளவுக்கேற்ற காற்றோட்டத்தையும் முகிலையும் உருவாக்கிக்கொள்ளும் தொடக்க நேரம், இதன் மழை ஆய்வில் சேராது.