கலைச்சொல் உதவி: மேற்கோள் தாக்கமா, வேறு ஏதாவதா? (வெள்ளிக்கு முன்)

பண்டாரவளை, திங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பொதுச் சுகாதார ஆய்வாளரின் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை தடவை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள், அதை எப்படி எண்ணுவது என்று மூன்று பக்கக் குறிப்பொன்றைத் தமிழாக்குகிறேன். தாதியர் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். 'மேற்கோள் தாக்கம்' என்று முதலில் போட்டேன். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குத் தாக்கம் என்றால் ஒன்று இரசாயனத் தாக்கம், இல்லாவிட்டால் டெங்குத் தாக்கம். 'இந்தச் சுகாதார ஆய்வாளரின் தாக்கம் அதிகரித்துள்ளது' என்று வாசித்துப் பார்த்தால் ஆளையே நுளம்பாக்கிவிட்டது போல இருக்கிறது. இப்படி எண்ணியதை வைத்து ஓர் ஆய்வாளரை அளக்க 2005இல் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் கொண்டுவந்த எண்ணுக்கும் (h-index) ஒரு பெயர் வேண்டும்.

அட்டன், திங்கள் இரவு

தங்கச்சி, தாக்கத்தை விட்டது நல்லது. எனக்கு மேற்கோளே உறுத்துகிறது. மேற்கொள்ளுதல் என்றால் ஏற்றுக்கொள்ளுதல், தன் தலையில் தூக்கிக்கொள்ளுதல். ஒருவருடைய கட்டுரையைக் குறிப்பிட்டு 'இது பிழை' என்று எழுதினால் அங்கே மேற்கொண்டது என்ன? நன்னூலார் எழுவகை மதம், அதாவது நூலாசிரியர் கொள்ளும் ஏழு வகைக் கொள்கை, சொல்லும்போது உடன்படலை முதலில் வைத்தார், அடுத்ததே மறுத்தல், அதற்கடுத்தது 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு' (அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்றுப் பிறகு நீக்குவது), அப்புறம் 'பிறர்நூற் குற்றங்காட்டல்'. ஏழில் மூன்று அடுத்தவனைத் தட்டுவதற்கே. இதையெல்லாம் ஒரே கூடையில் போட்டு எண்ணுகிறார்கள் என்றால் 'எடுத்தாள்கை' என்று வையுங்கள், அது நடுநிலையான சொல். தொல்காப்பியருக்கு இந்தத் தொல்லையே இல்லை. 'என்மனார் புலவர்' என்று போட்டுவிட்டுப் போய்விட்டார், எந்தப் புலவர் என்று கேட்டு எண்ண ஒருவரும் இல்லை.

மாத்தளை, செவ்வாய்

சேர், 'எடுத்தாள்கை' என்றால் பிள்ளைகள் யாரோ எதையோ எடுத்துக்கொண்டு ஆட்சி செய்வதாக நினைப்பார்கள். நம் பாடப்புத்தகங்களின் பின்பக்கத்தில் காலங்காலமாக இருப்பது உசாத்துணை. உசாவுவதற்குத் துணை, எவ்வளவு அழகு! தமிழ்நாட்டார் கேட்டால் விழிப்பார்கள், விழிக்கட்டும். தாக்கத்துக்குப் பதில் செல்வாக்கு. செல்லும் வாக்கு, அவ்வளவுதான்.

அட்டன், செவ்வாய்

வாக்கு வடமொழி. செல்சொல் என்று வைக்கலாமே.

தலவாக்கலை, செவ்வாய்

செல்சொல் என்றால் கைப்பேசியில் பேசுவது என்று நினைப்பார்கள் ஐயா.

நான் சொல்வதைச் சிரிக்காமல் கேளுங்கள். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்'. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அம்மா சாயங்காலம் வந்து 'இன்னைக்கு அரைப்பேர்தான் போட்டாங்க' என்று சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் விளங்கும். இந்த ஆய்வாளருக்கும் நடப்பது அதேதானே, அடுத்தவர் கட்டுரையில் அவருக்கு ஒரு பேர் விழுகிறது. பேர் என்றே வைத்தால் என்ன? லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கவுரையே தேவையில்லை.

கண்டி, புதன்

எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பேர்+எண் பேரெண் ஆகிவிடும், அது பெரிய எண். ஹிர்ஷின் கணக்கோ ஆளைச் சின்னதாக்கும் கணக்கு. எத்தனை கட்டுரைகள் ஒவ்வொன்றையும் குறைந்தது அத்தனை தடவையாவது குறிப்பிட்டிருக்கிறார்களோ, அதுதான் எண். ஐந்து கட்டுரைகள், அவற்றை 40, 9, 6, 4, 1 தடவை குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். நான்கு கட்டுரைகள் ஒவ்வொன்றும் நான்குக்குக் குறையவில்லை, ஐந்தாவது ஐந்தை எட்டவில்லை, ஆகவே எண் 4. இன்னொருவருக்கு ஒரே கட்டுரைக்கு 60, மற்றதெல்லாம் பூச்சியம். இருவருக்கும் கூட்டுத்தொகை அதே 60தான், ஆனால் இவருடைய எண் 1. கொழுந்தை ஒரே தடவையில் நிறுப்பது போல இல்லை இது. அப்புறம் விலைச் சுட்டெண் என்று இங்கே எல்லோருக்கும் பழக்கம், இந்தியாவில்தான் குறியீட்டெண். ஆகவே ஹிர்ஷ் சுட்டெண். 'சுட்டி' என்று மட்டும் சுருக்காதீர்கள், கணித வகுப்பில் அது மடக்கையோடு வருவது.

அட்டன், புதன்

ஹகரம் வேண்டாம். இர்சு சுட்டெண்.

கண்டி, புதன்

சேர், நீங்கள் ஊரை ஹட்டன் என்னாமல் அட்டன் என்று எழுதுவது சரி, எல்லோருக்கும் விளங்கும். ஒரு மனிதரின் பெயரை இர்சு என்றால் அவரைத் தேடிப் பிடிக்கவே முடியாது. நாம் பேசுவதே ஒருவர் பெயரை மற்றவர் சரியாகக் குறிப்பிடுவதைப் பற்றி.

மாத்தளை, புதன் இரவு

தன் கட்டுரையைத் தானே காட்டி எண்ணிக்கையை ஏற்றுவதற்கும் ஒரு சொல் வேண்டும், 'தன்மேற்கோள்' போதுமா? புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ள நன்னூல் நான்கு இடத்தில்தான் அனுமதி கொடுத்தது. இவர்கள் அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு அனுமதி எடுத்துக்கொள்கிறார்கள்.

தலவாக்கலை, வியாழன்

ஒரு சந்தேகம். இரத்தச்சோகை பற்றி ஒருவர் ஆய்வு செய்கிறார், அதைப் பார்த்துச் சுகாதாரத் திணைக்களம் சுற்றுநிருபம் அனுப்புகிறது, மருத்துவ மாது லயத்துக்கு லயம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார். சுற்றுநிருபத்தில் கட்டுரையின் பெயர் இருக்காது. அந்தப் பேர் எங்கே விழும்?

பண்டாரவளை, வியாழன் இரவு

அண்ணே, அந்தக் கேள்வியை அப்படியே மூன்றாம் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சியாகப் போட்டுவிட்டேன். பதில் எழுதவில்லை. சொற்கள் இப்படி: மேற்கோள் செல்வாக்கு, ஹிர்ஷ் சுட்டெண், தன்மேற்கோள். உசாத்துணை பின்பக்கப் பட்டியலுக்கு மட்டும். அரைப்பேர் கதை பெட்டிச் செய்தியாக முதல் பக்கத்தில். மாத்தளை டீச்சருக்கும் கண்டி சேருக்கும் நன்றி. அச்சுக்காரர் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார், இனி மாற்ற முடியாது.

அட்டன், வியாழன் நள்ளிரவு

மேற்கோள் பிழை என்பதில் எனக்கு மாற்றமில்லை. களைவதற்காக மேற்கொண்டதையும் செல்வாக்கில் சேர்த்துவிட்டீர்கள். அடுத்த பதிப்பு எப்போது?