‘ரன்’ (run) என்ற ஆங்கில வினைச்சொல்லோடு நமக்கு ஏற்பட்ட அனுபவங்கள்: டெல்டா பக்கத்துப் பகிர்வு

மன்னார்குடியிலிருந்து, மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியை:

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி முடித்து வேலை தேடுகிற பிள்ளைகள். ‘ரன்’ தெரியுமா என்று கேட்டால் எல்லாரும் கை தூக்குவார்கள். ஓடு என்பார்கள், கிரிக்கெட்டில் எடுக்கிற ரன் என்பார்கள். அதற்கு மேல் போகாது.

பழைய மாணவன் ஒருவன் உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். குறுவை நடவு நடக்கிற நேரம், ஆளுக்கு ஆள் யூரியா கேட்டு நிற்கிறார்கள். அப்போது யூரியா அனுப்புகிற வெளியூர்க்காரர் ஒருவர் போனில் ஆங்கிலத்தில், “ஹேவ் யூ ரன் அவுட் ஆஃப் யூரியா?” என்று கேட்டிருக்கிறார். சரக்கு தீர்ந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. இவனுக்குத் தெரிந்த ரன் அவுட் ஸ்டம்பில் பந்து படுவது. “நோ சார்” என்று சொல்லிவிட்டான். குடோன் காலியாகக் கிடக்க, லோடு வேறு கடைக்குப் போய்விட்டது. அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு வகுப்பு படித்தும் இந்த மூன்று சொல்லைச் சேர்த்து அவனுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை.

அதிலிருந்து இந்த வினையை நம் ‘ஓடு’விலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊரில் என்னென்ன ஓடுகிறது என்று பலகையில் எழுதச் சொல்வேன். ஆறு ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலும் ‘ரன்’தான். இதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குப் பாதி பயம் போய்விடும்.

அடுத்த படி கொஞ்சம் நுணுக்கமானது. நமக்குக் கடை ஓடும், ஆனால் கடையை ஒருவர் நடத்துவார். ஆங்கிலத்தில் அதற்கும் அதே வினை: ‘ஷீ ரன்ஸ் எ ஷாப்’. பஸ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ‘ஹி டிரைவ்ஸ் எ பஸ்’ என்றால் பஸ் ஓட்டுகிறார். ‘ஹி ரன்ஸ் எ பஸ் சர்வீஸ்’ என்றால் கும்பகோணம் ரூட்டில் பஸ் விட்டிருக்கிறார். நேர்காணலில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் ஓட்டுநரா முதலாளியா என்பதையே இந்த வினை முடிவு செய்துவிடும்.

பிறகு இரண்டு மொழியும் பிரிகிற இடங்கள். நமக்கு மூக்கு ஒழுகும், காய்ச்சல் அடிக்கும், சேலையில் சாயம் போகும், வாய்க்கால் ஓரமாக ரோடு போகும். ஆங்கிலத்தில் இவை அத்தனையும் ‘ரன்’. தேர்தலில் நம் ஆட்கள் நிற்பார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் நிற்பதுதான், ‘ஸ்டாண்ட்’. அமெரிக்கர்கள் அதே தேர்தலில் ஓடுகிறார்கள், ‘ரன் ஃபார் ஆஃபீஸ்’. மறுபக்கம், ‘கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை’ என்பதை ‘ரன்’ போட்டுச் சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. பொழுது ஓடவில்லை என்பதும் அப்படித்தான். இந்தப் பிரியும் இடங்களை மட்டும் தனி நோட்டில் எழுதிவைத்தால் போதும் என்பது என் எண்ணம். பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக இந்த வினையைத் திருத்தி எழுதியபோது 645 பொருள்கள் கண்டார்கள். 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினைதான் 430 பொருளோடு முன்னால் இருந்தது, அதையும் இது தாண்டிவிட்டது.

வினைக்குப் பின்னால் வருகிற குட்டிச்சொல்தான் நம்மவர்களுக்கு அதிகச் சேதம் செய்கிறது. ‘ரேன்’ என்பது ரன்னின் இறந்தகாலம். ‘ரேன் இன்டு எ ட்ரீ’ என்றால் மரத்தில் மோதியது. ‘ரேன் இன்டு மை டீச்சர்’ என்றால் ஆசிரியரைத் தற்செயலாகப் பார்த்தேன், அவ்வளவுதான். ‘ரேன் ஓவர் எ டாக்’ என்றால் நாய் மேல் வண்டி ஏறிவிட்டது. மாடு வந்து டிராக்டரில் இடித்துக்கொண்ட ஒரு சம்பவத்துக்கு இன்சூரன்ஸ் கடிதம் எழுதித் தரச்சொல்லி ஒருவர் வந்தார். ஏற்கெனவே யாரோ எழுதிக்கொடுத்த தாளில் ‘ரேன் ஓவர்’ என்று இருந்தது. மாடு வைக்கோல் தின்றுகொண்டு வீட்டில் நிற்கிறது, தாளிலோ அதன் மேல் டிராக்டர் ஏறிவிட்டது! குட்டிச்சொல்லைத் திருத்தியதும் கதையே மாறியது.

நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பை எல்லாருக்கும் தெரியும். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. ‘த்ரீ ரிவர்ஸ் ரன் ஃப்ரம் ஹியர்’ என்று அங்கே நின்று ஒரு பெண் தானாகச் சொன்னாள். நான் கேட்கக்கூட இல்லை. அவளுக்கு அந்த வினை இனி மறக்காது.

தஞ்சாவூரிலிருந்து, மோட்டாருக்குக் காயில் (செம்புக் கம்பிச்சுருள்) கட்டுகிறவர்:

டீச்சர் சொன்னதைப் படித்ததும் என் பையன் விஷயம் ஞாபகம் வந்தது. எங்கள் தொழிலில் ‘ட்ரை ரன்’ என்றால் வயிற்றைக் கலக்கும். போர்வெல்லில் தண்ணீர் கீழே இறங்கிப்போய், சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடுவதுதான் ட்ரை ரன். மோட்டாரைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் அதைக் குளிரவைக்கிறது. அது இல்லையென்றால் சூடேறி பேரிங் போகும், காயில் கருகும். கோடையில் எங்களிடம் வருகிற மோட்டாரில் பல இப்படிக் கருகியவைதான். அதனால் பேனலில், அதாவது மோட்டாரைப் போடுகிற சுவிட்ச் பெட்டியில், ட்ரை ரன் பாதுகாப்பு வைத்துக்கொள்ளுங்கள் என்று விவசாயிகளிடம் சொல்லிக்கொண்டே இருப்போம். தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டார் இழுக்கிற ஆம்பியர் குறையும், அதைப் பார்த்துப் பேனல் தானாக நிறுத்திவிடும்.

பட்டறையில் என்னோடு வளர்ந்த பையன் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலைக்குப் போனான். சேர்ந்த புதிதில் மேலாளர், “நாளைக்குக் காலையில் ட்ரை ரன், எல்லாரும் வந்துவிடுங்கள்” என்றாராம். எதையோ எரிக்கப்போகிறார்கள் என்று ராத்திரி எனக்குப் போன் செய்தான். எனக்கும் புரியவில்லை. மறுநாள்தான் தெரிந்தது, வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு முன்னால் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளும் ஒத்திகையாம். 2021 ஜனவரி 2ஆம் தேதி நாடு முழுக்கக் கொரோனா தடுப்பூசிக்கு ட்ரை ரன் நடந்ததே, அதைத் தமிழ்ப் பத்திரிகைகள் ஒத்திகை என்றுதான் போட்டன. அப்போது இந்த இரண்டு அர்த்தமும் எனக்குள் நன்றாக ஒட்டிக்கொண்டது. தொழில் தெரிந்தவனுக்கு அதே சொல் வேறு இடத்தில் வேறு வேலை செய்யும் என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து, வெளிநாட்டு மருத்துவமனையில் வேலை பார்த்த செவிலியர்:

டீச்சர் அக்கா, எங்கள் வார்டில் இந்த வினை இல்லாமல் ஒரு ஷிஃப்ட் ஓடாது. ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றால் காய்ச்சல் இருக்கிறது. ‘ரன் சம் டெஸ்ட்ஸ்’ என்றால் பரிசோதனைகள் எடுக்கச் சொல்கிறார்கள். ட்ரிப் ஏறிக்கொண்டிருந்தால் அதுவும் ‘ரன்னிங்’. சர்க்கரை நோய் குடும்பத்தில் வழிவழியாக வருகிறதா என்பதை ‘டஸ் இட் ரன் இன் த ஃபேமிலி’ என்று கேட்கவேண்டும். இவற்றையெல்லாம் பரீட்சைக்குப் படிக்கும்போதே கற்றுக்கொண்டு போயிருந்தேன்.

படிக்காதது ஒன்று வந்தது. வயதான பிரிட்டிஷ் நோயாளி ஒருவர், “ஐ’வ் காட் த ரன்ஸ்” என்றார். பக்கத்தில் நின்ற நம் பக்கத்துப் பெண் புதிதாக வந்தவள், டிவியில் மேட்ச் ஓடுகிறதா என்று திரும்பிப் பார்த்தாள். அவருடைய முகம் வாடியிருந்தது, உதடு காய்ந்திருந்தது. அதைப் பார்த்து நான் எத்தனை தடவை போனது என்று கேட்டேன். வயிற்றுப்போக்கைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். வெட்கப்படுகிற விஷயத்தை மனிதர்கள் இப்படிப் பேச்சு வழக்கில்தான் சொல்வார்கள். புத்தகச் சொல் அவர்கள் வாயில் வராது. ‘ஃபீலிங் ரன் டவுன்’ என்பதும் அதுபோல. உடம்பு அசதியாக, தெம்பில்லாமல் இருக்கிறது என்று பொருள். டவுன் என்பதைக் கேட்டுவிட்டு, கீழே விழுந்தாரா என்று குறித்துவிடக் கூடாது. வெளிநாடு போகும் தங்கைகள் இந்த இரண்டையும் கட்டாயம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசத்திலிருந்து, அரிசி ஆலைக் குடும்பம்:

எங்களுக்கு ஒன்றுதான். வெளிமாநில வியாபாரி ஒருவர் எங்கள் மாதிரி அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, “ரன் ஆஃப் த மில்” என்றார். நம் ஆலையில் ஓடிய அரிசி என்கிறார் போலும் என்று அப்பாவுக்குச் சந்தோஷம். நான் அகராதி எடுத்துப் பார்த்தேன். ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் வருகிற சரக்குக்கு ஏற்பட்ட பெயராம் அது. பிறகு அதுவே சாதாரணமானது, தனிச்சிறப்பு இல்லாதது என்று ஆகிவிட்டது. அப்பாவிடம் விளக்கியதும் அவர் கோபப்படவில்லை. குருணையும் கருப்பு அரிசியும் நீக்கி, சார்ட்டெக்ஸ் என்கிற நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரத்தில் விட்டு எடுத்த அரிசியிலிருந்து புதுப் பொட்டலம் கட்டி அதே வியாபாரிக்கு அனுப்பச் சொன்னார். ஆர்டர் வந்தது.