மார்க் ஃபவுலர் பற்றி ஒரு உதவி

வணக்கம் மக்களே. லண்டனில் எண்பது, தொண்ணூறுகளில் டிவி பார்த்து வளர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பிபிசியின் ஈஸ்ட்எண்டர்ஸ் தொடரில் வரும் மார்க் ஃபவுலர் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

1985இல் தொடர் தொடங்கியபோது அவன் பாலின், ஆர்தர் தம்பதியின் அடங்காத மூத்த பிள்ளை. வீட்டைவிட்டு ஓடிப்போனான். 1990இல் திரும்பி வந்தவன் வேறு ஆள் (நடிகரும்தான் மாறிவிட்டார், புதியவர் டாட் கார்ட்டி). அடுத்த வருடம் தனக்கு எச்ஐவி இருப்பதைச் சொல்கிறான். அந்தக் காலத்தில், குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில்! 1992இல் காதலி ஜில்லைக் கல்யாணம் செய்கிறான். மறுநாளே அவள் எய்ட்ஸால் இறந்துபோகிறாள். பிறகும் ஆள் சந்தையில் காய்கறி விற்றுக்கொண்டு சாதாரணமாகத்தான் வாழ்கிறான், எனக்குப் பிடித்ததே அதுதான். 2003இல் பைக்கில் கிளம்பிப் போனவன் திரும்பவில்லை.

எனக்கு வேண்டியது உங்கள் வீட்டு நினைவு. மார்க் தனக்கு எச்ஐவி இருப்பதைச் சொல்லும் காட்சி ஓடியபோது அப்பா சேனலை மாற்றினாரா? அம்மா ஏதாவது கேட்டாரா? மறுநாள் பள்ளியில் பேச்சு வந்ததா? ஓரிரு வரி போதும், கீழேயே எழுதுங்கள். அப்புறம், பழைய வீடியோ கேசட் யாரிடமாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.